வெளியிடப் படப்பிடிப்பில் ஒலி, ஒளி மேலாண்மை (சென்னை)

வெளியிடப் படப்பிடிப்பில் ஒலி, ஒளி மேலாண்மை என்பது, படப்பிடிப்புத் தளத்திற்கு வெளியே, வீடு, தெரு, கோயில், கடற்கரை, மண்டபம் போன்ற இயல்பான இடங்களில் நிகழ்படம் எடுக்கும்போது, அவ்விடத்தின் வெளிச்சத்தையும் ஓசையையும் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்தும் செய்முறை ஆகும். திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், ஆவணப்படம், நேர்காணல், திருமண நிகழ்படம் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொதுவானது. இக்கட்டுரை தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும், குறிப்பாக மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் இச்செய்முறை எவ்வாறு அமைகின்றது என்பதை விளக்குகின்றது.

ஒலியையும் ஒளியையும் தனித்தனித் துறைகளாகக் கற்பிப்பது வழக்கம். ஆனால் படப்பிடிப்பு இடத்தில் இவை ஒன்றுக்கொன்று முரணாகவே நடந்துகொள்கின்றன. விளக்குக்கு மின்சாரம் தரும் மின்னாக்கி ஒலியைக் கெடுக்கின்றது. ஒலிக்காக மின்விசிறியை நிறுத்தினால், விளக்கின் வெப்பத்தில் பேசுபவரின் முகம் வியர்த்துப் பளபளக்கின்றது. வெளிச்சத்துக்காகச் சன்னலைத் திறந்தால் தெருவின் இரைச்சல் உள்ளே வருகின்றது. சென்னையின் வெப்பமும் நெரிசலும் இம்முரண்பாட்டை மேலும் கூட்டுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

தமிழின் முதல் பேசும் படமாகக் கொள்ளப்படும் காளிதாஸ் 1931 ஆம் ஆண்டில் வெளியானது. தொடக்ககாலப் பேசும் படங்களில் உரையாடலும் பாட்டும் படம்பிடிக்கும்போதே பதிவாயின. பக்கவாத்தியக்காரர்கள் படச்சட்டகத்துக்கு வெளியே மறைந்திருந்து வாசித்தனர். பின்னணிப் பாடல் முறை 1930களின் இறுதியில் தமிழுக்கு வந்தது. அதன் பின்னர் பாட்டு முதலில் பதிவு செய்யப்பட்டு, படப்பிடிப்பின்போது ஒலிக்கவிடப்பட்டது. ஒலித்தடுப்பு கொண்ட படப்பிடிப்புத் தளங்களே நெடுங்காலம் தமிழ்த் திரைப்படத்தின் இருப்பிடமாக இருந்தன. அடையாறில் இருந்த சத்யா ஸ்டூடியோ அவற்றுள் ஒன்று. அவ்விடத்தில் இன்று மகளிர் கல்லூரி ஒன்று இயங்குகின்றது.

16 வயதினிலே (1977) போன்ற படங்களின் வெற்றிக்குப் பின் படப்பிடிப்பு பெருமளவில் தளங்களை விட்டு வெளியே வந்தது. வெளியிடங்களில் பயன்பட்ட எடை குறைந்த படக்கருவிகள் ஓடும்போது பெரும் ஓசை எழுப்பின. ஆகவே இடத்தில் பதிவாகும் ஒலி வெறும் வழிகாட்டியாக மட்டும் கொள்ளப்பட்டு, உரையாடல் முழுவதும் பின்னர் ஒலிப்பதிவுக்கூடத்தில் டப்பிங் செய்யப்பட்டது. இதனால் படப்பிடிப்பின்போது அமைதி காக்கும் பழக்கமே குழுக்களிடம் இல்லாமல் போயிற்று. நடிகருக்கு வசனத்தை உரக்க எடுத்துக்கொடுப்பதும், காட்சி ஓடும்போதே கட்டளை இடுவதும் இயல்பாயின.

இதன் விளைவு ஒன்று பெரிதாகக் கவனிக்கப்படுவதில்லை. 1970கள், 1980களின் சென்னைத் தெருக்களைப் பல திரைப்படங்களில் இன்றும் காணலாம்; ஆனால் கேட்க முடியாது. அப்படங்களில் தெரியும் பேருந்தும் தெருவும் உண்மையானவை. அவற்றுடன் ஒலிக்கும் ஓசை பெரும்பாலும் கூடத்தில் சேர்க்கப்பட்டது.

படப்பிடிப்பு இடத்திலேயே ஒலியைப் பதிவு செய்யும் முறை பின்னர் மெல்லத் திரும்பியது. விருமாண்டி (2004) அம்முறையைப் பின்பற்றிய குறிப்பிடத்தக்க தமிழ்ப் படமாகும். ஓசையின்றி இயங்கும் எண்ணிமப் படக்கருவிகள் பரவியதும் பழைய தடைகளுள் ஒன்று நீங்கியது. ஆவணப்படம், நேர்காணல், திருமணம் ஆகியவற்றை எடுப்போருக்கோ டப்பிங் என்ற வழி எப்போதும் இருந்ததில்லை. இடத்தில் தவறவிட்ட ஒலி அவர்களுக்குத் தவறியதுதான்.

ஒளியமைப்பைப் பொறுத்தவரை, இயற்கை வெளிச்சத்தை முதன்மையாகக் கொண்டவர் என அறியப்படுபவர் பாலு மகேந்திரா. சென்னையில் சொந்த வீடு கட்ட முயலும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணைப் பற்றிய அவரது வீடு (1988) இவ்வகையில் இன்றும் பயிலத்தக்கது. மௌன ராகம் (1986), அக்னி நட்சத்திரம் (1988) ஆகிய படங்களில் பி. சி. ஸ்ரீராம் கையாண்ட ஒளியமைப்பு அடுத்த தலைமுறை ஒளிப்பதிவாளர்களிடம் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. அவர் பயின்ற அடையாறு திரைப்படக் கல்லூரியே இன்று தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் ஆகும்.

சென்னையின் வெளிச்சம்

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. எனவே ஏப்ரல் மாத இறுதியிலும், மீண்டும் ஆகஸ்ட் மாத நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கின்றது. அப்போது புருவத்தின் நிழல் கண்ணை மறைக்கும். மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும். கோடைக்காலத்தில் காலை 9 மணிக்கே நிழல்கள் கடுமையாகிவிடுகின்றன. வெளியில் முகங்களைப் படம்பிடிக்க ஏற்றது காலையில் முதல் இரண்டு மணி நேரமும் மாலையில் கடைசி ஒன்றரை மணி நேரமும் எனலாம். சூரியன் மறைந்தபின் நிலவும் அந்தி வெளிச்சம் இங்கு இருபது நிமிடங்களுக்குச் சற்றே அதிகமாக மட்டுமே நீடிக்கும். மேலைநாட்டு நூல்கள் விவரிக்கும் நீண்ட அந்தியை நம்பித் திட்டமிடுவோர் இங்கு ஏமாறுவர்.

நண்பகலில் எடுத்தே ஆக வேண்டுமெனில், பேசுபவரை மரநிழலுக்கோ திண்ணைக்கோ கொண்டுவந்து, வெயில் படும் இடத்தில் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தி வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்புவது எளிய வழி. வெள்ளித்தாள் ஒட்டிய ரிஃப்ளெக்டர் இதைவிட வலிமையானது. ஆனால் கண் கூசச் செய்யும். செலவு குறைவு என்பதால் மட்டுமன்றி, தரும் ஒளி மென்மையாக இருப்பதாலும் தெர்மாகோல் இங்கு நிலைபெற்றுவிட்டது. மின்விளக்கின் முன் கட்டும் பட்டர் பேப்பரும் அவ்வாறே. விளக்கின் வெப்பத்தில் அது கருகக்கூடும் என்பதால் சற்றுத் தள்ளிக் கட்ட வேண்டும்.

ஒளியின் நிறம் கெல்வின் அலகில் அளக்கப்படுகின்றது. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின், ஹாலஜன் விளக்கு 3200, வீடுகளில் உள்ள வெண்ணிறக் குழல்விளக்கு 6500 என்ற அளவில் இருக்கும். இவை ஒரே அறையில் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தோன்றும். படக்கருவியின் வெண்சமநிலை ஏதேனும் ஒன்றை மட்டுமே சரி செய்யும். ஆகவே சன்னல் ஒளியில் எடுப்பதானால் அறை விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிடுவதே நல்லது. இரவுத் தெருக்களில் முன்பு எங்கும் நிறைந்திருந்த சோடியம் விளக்கின் செம்மஞ்சள் நிறத்தை எந்த வெண்சமநிலையாலும் முழுமையாகத் திருத்த இயலாது, ஏனெனில் அதன் ஒளியில் மற்ற நிறங்கள் மிகக் குறைவு. 2010களில் சென்னைத் தெருவிளக்குகள் பெருமளவில் எல்.ஈ.டி. விளக்குகளாக மாற்றப்பட்டதால், அதற்கு முன் எடுக்கப்பட்ட இரவுக் காட்சிகளை நிறத்தைக் கொண்டே இனங்காணலாம்.

இன்னொரு பொதுவான இடர் காட்சியில் தோன்றும் மினுக்கல் ஆகும். இந்தியாவில் மாறுமின்சாரத்தின் அதிர்வெண் 50 எர்ட்சு. ஆகவே பழைய வகைக் குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால் இம்மினுக்கல் பதிவாவதில்லை. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த படக்கருவிகள் அங்குள்ள 60 எர்ட்சுக்கு ஏற்ப அமைந்திருக்கும். மயிலாப்பூரில் அத்தகைய கருவிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் அமைப்பை மாற்றாமல் குழல்விளக்கின் கீழ் எடுத்தால் திரையில் பட்டைகள் ஊர்ந்து செல்வதைக் காணலாம்.

குளிரூட்டிய அறையிலிருந்து படக்கருவியை வெளியே கொண்டுவரும்போது, சென்னையின் ஈரக் காற்று வில்லையின் மேல் நீர்த்திவலைகளாகப் படியும். கருவியைப் பையிலேயே வைத்து அரை மணி நேரம் வெளிக்காற்றில் விடுவதே இதற்குத் தீர்வு. இந்த அரை மணி நேரத்தை அட்டவணையில் சேர்க்க மறந்து விடியல் வெளிச்சத்தை இழப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

மின்சாரம்

வீட்டு மின்வழங்கல் 230 வோல்ட்டு. 5 ஆம்பியர் செருகியில் ஏறத்தாழ 1150 வாட் வரையும், 15 ஆம்பியர் செருகியில் 3450 வாட் வரையும் மட்டுமே எடுக்கலாம். அதாவது 1000 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று சிறிய செருகி ஒன்றை முழுவதுமாக நிரப்பிவிடும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் மின்கம்பிகளும் பழையனவாகவே இருக்கக்கூடும் என்பதால், விளக்குகளை ஒரே அறையில் செருகாமல் வெவ்வேறு சுற்றுகளுக்குப் பிரிக்க வேண்டும். எல்.ஈ.டி. விளக்குகள் வந்தபின் இச்சிக்கல் பெரிதும் தணிந்துள்ளது. அவை சூடும் குறைவாகவே தருகின்றன.

பெரிய படப்பிடிப்புகள் வேனில் பொருத்திய மின்னாக்கியைக் கொண்டுவருகின்றன. ஒலியை அங்கேயே பதிவு செய்வதானால் அதைத் தெருமுனைக்கு அப்பால், இடையில் ஒரு கட்டடம் இருக்கும்படி நிறுத்தி, நீண்ட கம்பி இழுக்க வேண்டும். கம்பி நீள்வதை விளக்கமைப்போர் விரும்புவதில்லை. அவர்களை ஒப்புக்கொள்ளச் செய்வது ஒலிப்பதிவாளரின் முதல் வேலை.

ஒலி

ஒலிவாங்கிக்கும் பேசுபவருக்கும் உள்ள தொலைவு இரு மடங்கானால், திறந்தவெளியில் அவரது குரல் 6 டெசிபெல் குறையும். சுற்றுப்புற இரைச்சலோ குறையாது. ஆகவே விலையுயர்ந்த ஒலிவாங்கியைத் தொலைவில் வைப்பதைவிட, எளிய ஒன்றை நெருக்கத்தில் வைப்பது மேலானது. படக்கருவியின் மேல் உள்ள ஒலிவாங்கியை மட்டும் நம்புவது நேர்காணல்கள் கெடுவதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

நெருக்கத்தில் வைக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, கழியில் பொருத்திய பூம் ஒலிவாங்கியைத் தலைக்கு மேல் சட்டகத்துக்குச் சற்று வெளியே பிடிப்பது. அப்போது அதன் நிழல் சுவரில் விழாதபடி விளக்கின் திசையை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். மற்றொன்று, உடையில் செருகும் சிறு ஒலிவாங்கி. பட்டுச்சேலையின் சரசரப்பும், கழுத்துச் சங்கிலியும் தாலிக்கொடியும் உராயும் ஓசையும் இதில் பெரிதாகக் கேட்கும். முந்தானை மடிப்பின் மேற்பகுதியில், நகை தொடாத பக்கம் பார்த்துப் பொருத்தி, கம்பியில் ஒரு சிறு வளைவு விட்டு ஒட்டுநாடாவால் ஒட்டுவது பயன் தரும். இவ்வகை ஒலிவாங்கி அணிந்தவர் படப்பிடிப்பின் இடைவேளையில் பேசுவதும் பதிவாகும். அதை முன்னரே அவரிடம் தெரிவிப்பதும், இடைவேளையில் நிறுத்திவிடுவதும் ஒலிப்பதிவாளரின் கடமை.

அறைகளைப் பொறுத்தவரை, உயர்ந்த கூரையும் சிவப்புக் காவித் தரையும் கொண்ட பழைய வீடுகளிலும், கிரானைட் அல்லது வழவழப்பான ஓடு பதித்த புதிய அடுக்ககங்களிலும் எதிரொலி மிகுதி. வீட்டில் உள்ள சமுக்காளம், பாய், மெத்தை, போர்வை ஆகியவற்றைச் சட்டகத்துக்கு வெளியே தரையிலும் சுவரோரமும் பரப்பினால் வியக்கத்தக்க மாற்றம் தெரியும். மின்விசிறி, குளிரூட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை நிறுத்த வேண்டும். குளிர்பதனப் பெட்டியை மீண்டும் இயக்க மறக்காமல் இருக்க, வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். பால் திரிந்து போனால் அந்த வீட்டில் மறுநாள் படப்பிடிப்பு நடவாது. விசிறி நின்ற அறையில் பத்து நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து எடுக்க முடியாது என்பதால், பகுதி பகுதியாக எடுத்து, இடையில் விளக்கை அணைத்து விசிறியை ஓடவிட வேண்டும்.

பேச்சு முடிந்தபின் எவரும் அசையாமல் ஒரு நிமிடம் அவ்வறையின் அமைதியைப் பதிவு செய்துகொள்வது கட்டாயம். தொகுப்பின்போது வெட்டுகளை இணைக்க இதுவே பயன்படும். பேச்சின் உச்ச மட்டம் எண்ணிமப் பதிவில் கழித்தல் 12 டெசிபெல் அளவில் இருப்பது பாதுகாப்பானது. எண்ணிமப் பதிவில் சுழியத்தைத் தாண்டிய ஒலியை மீட்க இயலாது. காதணி ஒலிபெருக்கி அணியாமல் ஒலிப்பதிவு செய்வது, வில்லையின் மூடியைக் கழற்றாமல் படமெடுப்பதற்கு ஒப்பாகும்.

திருமணமும் கச்சேரியும்

மயிலாப்பூர், தியாகராய நகர் மண்டபங்களில் நடைபெறும் திருமணத்தின் முகூர்த்தம் ஒலிப்பதிவுக்கு மிகக் கடினமான தருணம். மந்திரம் தாழ்ந்த குரலில் ஒலித்துக்கொண்டிருக்கும். திடீரெனக் கெட்டிமேளம் முழங்கும். நாதசுவரமும் தவிலும் திறந்தவெளியில் கேட்பதற்கென அமைந்த இசைக்கருவிகள். மூடிய மண்டபத்தில் அவற்றின் ஒலிச்செறிவு மிக அதிகம். படக்கருவியின் தானியங்கி ஒலிமட்டம் மந்திரத்துக்காக உயர்ந்து நிற்கும்போது மேளம் எழுந்தால், தாலி கட்டும் கணம் முழுவதும் சிதைந்த ஒலியாகப் பதிவாகும். இக்காட்சியை மீண்டும் எடுக்க வழியில்லை.

தானியங்கி அமைப்பை நிறுத்தி, ஒரே ஒலியை இரு தடங்களில், ஒன்றை மற்றதைவிட 12 முதல் 20 டெசிபெல் குறைத்துப் பதிவு செய்வதே உறுதியான வழி. ஒரே தடம் மட்டும் உள்ளவர்கள் மேளக்காரரைப் பார்த்து உயரும் கையைக் கவனித்து, அதே நொடியில் மட்டத்தைக் குறைக்கின்றனர். மணமகன் சட்டை அணியாதிருந்தால் ஒலிவாங்கியைச் செருக இடமிராது; அங்கவஸ்திரத்தின் ஓரத்தில் பொருத்தலாம், ஆனால் சடங்குகளின் இடையில் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஓம குண்டத்தின் புகையில் ஒளிக்கற்றை அழகாகத் தெரியும் என்பதற்காக எதிர்வெளிச்சம் வைப்போர் உண்டு. மணமக்கள் ஏற்கெனவே புகையில் கண் கலங்கி அமர்ந்திருப்பதை அவர்கள் நினைவில் கொள்ளலாம்.

மார்கழி இசை விழாக்காலத்தில் சபாக்களில் எடுக்கப்படும் நிகழ்படங்களில் சிக்கல் வேறு வகையானது. ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரடியாக ஒலியைப் பெறுவது வழக்கம். ஆனால் அக்கலவை அரங்கில் இருப்போருக்காகச் செய்யப்பட்டது. இயல்பாகவே உரத்து ஒலிக்கும் மிருதங்கம் அதில் குறைவாக இருக்கும். கைதட்டலும் அரங்கத்தின் உயிர்ப்பும் அறவே இராது. எனவே மேடை அருகே தனியாக ஓர் ஒலிவாங்கி வைத்துப் பின்னர் இரண்டையும் கலக்க வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கின்றது. நொடிக்கு 25 சட்டகம் ஓடும் படத்தில் ஒரு சட்டகத்தின் நேரத்தில் அது 14 மீட்டர் மட்டுமே கடக்கும். அரங்கின் பின்வரிசையில், மேடையிலிருந்து 28 மீட்டர் தொலைவில் உள்ள படக்கருவியின் ஒலி இரண்டு சட்டகம் பிந்தியே பதிவாகும். மிருதங்கக்காரரின் கை விழுவதும் ஒலி எழுவதும் பொருந்தாதது போலத் தோன்றுவதற்கு இது பெரும்பாலும் காரணம்.

இடங்கள்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் இராசகோபுரம் கிழக்குப் பக்கத்திலும், தெப்பக்குளம் மேற்குப் பக்கத்திலும் உள்ளன. ஆகவே இராசகோபுரத்தின் சிற்பங்கள் காலை வெயிலிலும், குளத்தின் பக்கம் மாலை வெயிலிலும் தெளிவாகத் தெரியும். மாட வீதிகளில் அமைதி வேண்டுவோர் விடியற்காலையில் வர வேண்டும். ஆனால் மார்கழியில் விடியற்காலைதான் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிபெருக்கியில் எழும் நேரம். 1997 இல் திருமயிலை வரை நீண்ட பறக்கும் தொடருந்தின் ஓசையும், 2020களில் நடந்துவரும் மெட்ரோ பணிகளின் ஓசையும் தவிர்க்க இயலாதவை. பங்குனிப் பெருவிழாவின் அறுபத்து மூவர் நாளன்று எதையும் கட்டுப்படுத்த முடியாது. மாடியில் ஓர் இடம் பிடித்து, ஒலியை உள்ளபடியே ஏற்பதுதான் முறை.

தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் ஒளி ஒரு பொருட்டன்று. பகலிலும் எரியும் கடை விளக்குகள் போதிய வெளிச்சம் தருகின்றன, நிறங்கள் மட்டும் கடைக்குக் கடை மாறும். கடைகளின் ஒலிபெருக்கி அறிவிப்புகள், மாம்பலம் நிலையத்தின் தொடருந்துகள் ஆகியவற்றினிடையே நேர்காணல் எடுக்க முயல்வது வீண்வேலை. திரைப்படப் பாடல் ஒலிக்கும் கடையின் முன் எடுத்தால் பதிப்புரிமைச் சிக்கலும் சேரும். 2019 இல் திறக்கப்பட்ட பாண்டி பசாரின் அகன்ற நடைபாதை ஓரளவு உகந்தது.

அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் கடற்கரை கிழக்கு நோக்கியது. காலையில் கடலைப் பின்னணியாகக் கொண்டால் முகம் இருண்டுவிடும். மாலையில் அதே இடத்தில் மென்மையான முன்வெளிச்சம் கிடைக்கும். ஆனால் கோடையில் பிற்பகல் வேளையில் வலுக்கும் கடற்காற்று ஒலிவாங்கியில் உறுமும். வெறும் பஞ்சுறை இதற்குப் போதாது. நீண்ட மயிர் கொண்ட உறை தேவை. அலையோசை சீரற்றது என்பதால் பேச்சை வெட்டி ஒட்டும்போது அலை பாதியில் அறுபடும். தனியாக ஐந்து நிமிட அலையோசையைப் பதிவு செய்து அடியில் ஓடவிடுவதால் இது மறைகின்றது.

அனுமதியும் பாதுகாப்பும்

பொதுச் சாலைகளில் படம்பிடிக்கக் காவல் துறையின் அனுமதியும், மாநகராட்சிப் பூங்கா, கடற்கரை போன்ற இடங்களுக்கு அவ்விடங்களை நிருவகிக்கும் அமைப்பின் அனுமதியும், கோயில்களுக்கு அவற்றின் நிருவாகத்தின் அனுமதியும் தேவை. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரம்பு உள்ளது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவாகும். பாடலை உரக்க ஒலிக்கவிட்டு எடுக்கும் நடனக் காட்சிகளை இது நேரடியாகப் பாதிக்கின்றது.

விளக்குகளைத் தாங்கும் நிறுத்திகளின் காலில் மணல்மூட்டை வைப்பது, கம்பிகளைத் தரையோடு ஒட்டுவது, மழைநீர் தேங்கும் இடத்தில் இணைப்புகளைத் தரையில் விடாதிருப்பது, புவித்தொடுப்பைச் சரிபார்ப்பது ஆகியவை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்றியமையாதவை. 2020 பிப்ரவரி 19 அன்று சென்னைக்கு வெளியே ஈ.வி.பி. படப்பிடிப்பு வளாகத்தில் இந்தியன் 2 படத்தின் பணிகளின்போது பாரந்தூக்கி ஒன்று சரிந்து மூவர் உயிரிழந்தனர். உயரத்தில் விளக்கு கட்டும் வேலையை லைட்மேன்கள் எனப்படும் ஒளித் தொழிலாளர்களே செய்கின்றனர். வெளிச்சம் மறைவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் மிகுந்த மாலை வேளையிலேயே அவர்கள் மேலேறி விளக்குகளை இடம் மாற்ற வேண்டியிருக்கின்றது. ஆகவே மாலைக் காட்சிக்கான விளக்குகளை நண்பகலிலேயே கட்டி முடித்துவிடும் வழக்கத்தைச் சில குழுக்கள் பின்பற்றுகின்றன.